முள்ளைப் பார்க்காமல் தட்டைக் கழித்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த எல்.பி. இசைத்தட்டுகள் (வினைல் பிளாஸ்டிக்கில் ஆனவை) 640. அரக்கால் ஆன பழைய 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள் 31. முக்கால்வாசி ஜாஸ். அலமாரியில் ஓரடி அகலத்துக்கு எழுபத்தைந்து தட்டு வரை நிற்கும், ஆக எட்டரை அடிக்கு மேல் இழுத்தது. எடை தெரியவேண்டும் என்று தெருமுனைப் பழைய பேப்பர் கடை ரத்திவாலாவிடம் 40 எல்.பி.களைத் தூக்கிக்கொண்டு போனேன். தராசு 11 கிலோ காட்டியது. “பேப்பர் ரேட்டா, பிளாஸ்டிக் ரேட்டா?” என்று அவர் கேட்டார். பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அந்தக் கணக்கில் எல்.பி. மட்டும் 176 கிலோ.

செம்பூரில் நாங்கள் இருந்த கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துக் கட்டப் போகிறது. மும்பைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செப்டம்பருக்குள் காலி செய்யவேண்டும், மூன்று வருடம் வாடகை வீடு, அப்புறம் கடவுள் விட்ட வழி. சயானில் கிடைத்த வீடு ஏழாவது மாடி, இதைவிடச் சின்னது. என் மனைவி அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: “ஏங்க, இந்த அலமாரி உள்ள வந்தா கட்டில் வெளிய, எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.” 200 தட்டு என்று ஒப்பந்தமானது.

இதில் பாதிக்கு நெருக்கமானவை பெரியப்பா விட்டுச்சென்றவை. பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சனிக்கிழமை ஷண்முகானந்தாவில் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜாஸ், இரண்டுக்கும் ஒரே வெள்ளை ஜிப்பா. ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ போட்டால் தொடையில் ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாப்புத் தாளம் தட்டுவார். நமக்கு இரண்டும் மூன்றும், அவர்களுக்கு மூன்றும் இரண்டும். அதனால் எங்கேயோ உரசும். உரசட்டும் என்று தட்டிக்கொண்டே இருப்பார். 1978இல் ரங் பவனில் முதல் ஜாஸ் யாத்ரா விழா நடந்தபோது சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் வேறு எதுவும் பேசவில்லை என்று பெரியம்மா சொல்வார். அந்தத் திறந்தவெளி அரங்கம் மருத்துவமனை, கல்லூரி சூழ்ந்த அமைதி மண்டலம் என்று ஆகி, பின்னாளில் அங்கே கச்சேரி நின்றுபோனது வேறு கதை. மீதித் தட்டுகள் நான் வாங்கியவை: காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை 2016இல் மூடும் வரை அங்கே, அப்புறம் பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில்.

ஏப்ரலில் முதல் சுற்றுக் கழிப்பைத் தொடங்கினேன். முறை எளிது. தட்டைப் போடு, ஐந்து நிமிடம் கேள், இரைச்சலாக இருந்தால் உறையின் உள்பக்கம் பென்சிலால் ‘ச’ என்று எழுது. ‘ச’ என்றால் சத்தம். இரண்டு வாரத்தில் 62 தட்டுகளுக்கு ‘ச’ விழுந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாசம் பார்க்காமல் கழிக்கிறேன் என்ற நினைப்பு. டாக்சி வைத்து சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட் கடைக்காரரிடம் கொண்டுபோய் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மொத்தமாகக் கொடுத்தேன். அவர் இரண்டு தட்டுகளை மட்டும் உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் ஏன் விற்கிறீர்கள்?” என்று கேட்டார். சத்தம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் யோசிக்கவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

தெரிந்தது மே மாதம், கீழ்வீட்டில். அங்கே ஒரு கோவாக்காரர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். ஹோட்டல் நடனக் குழுக்களிலும் சினிமா ரெக்கார்டிங்கிலும் டிரம்பெட் வாசித்தவர். மும்பையின் ஜாஸ் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் மூச்சில்தான் ஓடியது. தாஜ் ஹோட்டலில் முப்பதுகளில் லியான் அபி, டெடி வெதர்ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். அவர்களைக் கேட்டும் அவர்களோடு வாசித்தும் வளர்ந்த கோவாக்காரர்கள் இரவில் ஹோட்டலிலும் பகலில் ஸ்டூடியோவிலும் வேலை பார்த்தார்கள். சிக் சாக்லேட் என்ற பெயரில் புகழ்பெற்ற டிரம்பெட்காரர், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவோடு வேலை செய்ததால்தான் ஐம்பதுகளின் இந்திப் பாட்டு சிலவற்றில் அந்தப் பித்தளைத் துள்ளல். இதையெல்லாம் கீழ்வீட்டு அங்கிள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

அவருக்கு ஏதாவது தட்டு வேண்டுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழு வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் வாசித்த தட்டை ஓடவிட்டிருந்தார். நான் ‘ச’ போட்டு விற்ற அதே தட்டு, அவருடைய பிரதி. பியானோவுக்குப் பின்னால் கிளிங் என்று ஒரு ஒலி, கொஞ்சம் முணுமுணுப்பு. “உங்கள் தட்டிலும் சத்தம்தான் போல” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அது சத்தமில்லை, கிளாஸ்” என்றார்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் அந்த நிலவறை கிளப்பில் பதிவானது. மேசைகளில் ஆட்கள் குடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு இருக்கிறார்கள். மேடையில் எவான்ஸ், பாஸில் ஸ்காட் லஃபேரோ, டிரம்ஸில் பால் மோஷன். அதற்குப் பதினோரு நாள் கழித்து லஃபேரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. மேசையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் பாட்டுக்குக் கண்ணாடிக் குவளையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் அந்தக் கிளிங் ஒலி, தூசியின் சரசரப்பு, பியானோ உச்சத்தில் வரும் கரகரப்பு எல்லாம் ஒன்றாகக் குழைந்து வெறும் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. அங்கிள் வீட்டில் கிளிங்கும் சரசரப்பும் தனித்தனியாகக் கேட்டன. கரகரப்பு இல்லவே இல்லை.

“உன் முள் எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

முள் என்றால் தட்டின் பள்ளத்தில் ஓடி இசையை எடுக்கும் ஊசி. என்னுடையது 2011இல் வாங்கியது. வைர முள்ளின் ஆயுளைப் பொதுவாக ஐநூறு முதல் ஆயிரம் மணி நேரம் என்பார்கள். தினம் அரை மணி என்று வைத்தாலும் நான் இரண்டாயிரத்தைத் தாண்டியிருப்பேன்.

மறுநாள் முள் பொருத்திய கார்ட்ரிட்ஜைக் கழற்றி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, ஸ்டேஷன் பக்கம் மொபைல் ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். அந்தப் பையன் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் வளர்ந்தவன். போன் போர்டில் சால்டர் வைக்க அவனிடம் நல்ல மைக்ராஸ்கோப் உண்டு. “என்னண்ணே இது, கொசு வாயா?” என்றவன், ஃபோகஸ் வைத்ததும் பேச்சை நிறுத்தினான். திரையில் தெரிந்தது இதுதான்: முனையைச் சுற்றிக் கருப்பாக இறுகிப்போன பஞ்சுக் கட்டி ஒன்று. அதை ஆல்கஹால் தொட்ட தூரிகையால் பின்னிருந்து முன்னாக வருடி எடுத்தபிறகு, உருண்டையாக இருக்கவேண்டிய வைரத்தின் இரண்டு தோள்களிலும் சீவிவிட்டது போல் இரண்டு தட்டையான முகம். அந்த விளிம்பு உளி மாதிரி. பதின்மூன்று வருடத்தில் கடைசி இரண்டு மூன்று வருடம் நான் தட்டுகளைக் கேட்கவில்லை, செதுக்கிக்கொண்டிருந்தேன். பையன் காசு வாங்கவில்லை. “படம் அனுப்பறேண்ணே, வீட்ல காட்டுங்க” என்றான். காட்டவில்லை.

புது முள் வந்தது. இனிமேல் வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று முள்ளின் அழுத்தத்தையும் அளந்தேன். ஜவேரி பஜாரில் தங்கம் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, எழுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் 1.2 கிராமில் நின்றது. கார்ட்ரிட்ஜுக்கு விதித்தது 2 கிராம். தட்டு தேயக்கூடாதே என்ற கருணையில் நானே எப்போதோ குறைத்து வைத்தது அது. இந்தக் கருணை தட்டுக்கு விஷம். அழுத்தம் போதாத முள் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி ஓடாமல் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொத்தும். சரியான அளவில் கொஞ்சம் கூடுதலாக இருப்பது, குறைவாக இருப்பதைவிட எவ்வளவோ மேல். 2 கிராம் வைத்தேன். கோணம் பார்க்கும் அட்டையைப் பிரிண்ட் எடுத்து, கார்ட்ரிட்ஜை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். பக்கத்தின் கடைசிப் பாட்டில் எப்போதும் இருந்த சீறல் பெரும்பாலும் போய்விட்டது. அந்த இடம் இயல்பிலேயே கஷ்டமானது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது, உள்ளே லேபிள் பக்கம் இருபது சொச்சம்தான். அதே இசையைப் பாதியைவிடக் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது தட்டைச் சுழற்றும் பெல்ட். பழையது நீண்டு, தளர்ந்து, விரலில் கருப்பாக ஒட்டியது. நூலால் சுற்றளவு எடுத்துக்கொண்டு லாமிங்டன் ரோடில் நாலு கடை ஏறினேன். ஐந்தாவது கடையில் அகலம் பொருந்தியது. மாட்டியதும் சுருதி ஆட்டம் நின்றது. ஆனால் வேகம் சரியா? மோட்டாருக்கு அடியில் 33க்கும் 45க்கும் தனித்தனியாக ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஏதாவது ஒரு தெரிந்த சுருதியோடு ஒப்பிட்டுத் திருகினால் போதும் என்று நினைத்தேன். இங்கேதான் என் அதிபுத்திசாலித்தனம்.

எனக்கு மனப்பாடமான தட்டு, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. அதன் முதல் பாட்டு ‘ஸோ வாட்’ டி (D) சுருதியில் நிற்கும். கரஹரப்பிரியா ஸ்வரங்கள்தான். நடுவில் எட்டுத் தாளச் சுற்றுக்கு அரை ஸ்வரம் மேலே ஏறி, மறுபடி பழைய இடத்துக்கே இறங்கும். ஒப்பிட இதைவிட வசதியான பாட்டு கிடையாது. போனில் கீபோர்டு செயலியைத் திறந்து டி-யை அழுத்திக்கொண்டே பாட்டைப் போட்டேன். தட்டு லேசாக மேலே நின்றது. மோட்டார் வேகமாக ஓடுகிறது போல என்று திருகைப் பின்னால் திருப்பி, இரண்டும் ஒன்றாகும் வரை இறக்கினேன். திருப்தி. தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் அழுகிறது. சுருதி கீழே. மறுபடி முதல் பக்கம், சரி. இரண்டாம் பக்கம், கீழே. அரை மணி நேரம் பெல்ட்டையும் மோட்டாரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என் மோட்டாரில் இல்லை, நியூயார்க்கில். அந்தத் தட்டின் முதல் அமர்வைப் பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டுக்கு மாற்றியபோது இசை கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் உயர்ந்த சுருதியில் விழுந்துவிட்டது. முதல் பக்கத்து மூன்று பாட்டும் அந்த அமர்வில் எடுத்தவை, இரண்டாம் பக்கம் வேறு நாள், வேறு கணக்கு. 1992இல் வந்த சி.டி.யில்தான் அதைத் திருத்தினார்கள். என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய அச்சு. அதை வைத்துத் திருகினால் உலகத்தில் உள்ள மற்ற எல்லாத் தட்டும் தாழ்ந்துதானே ஒலிக்கும்!

சரி, காதை நம்பவேண்டாம், விளக்கை நம்புவோம். ஸ்ட்ரோபு அட்டை என்பது தட்டின் மேல் வைக்கும் ஒரு வட்டக் காகிதம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு போட்ட வட்டம். விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குவதால், தட்டு நிமிடத்துக்குச் சரியாக 33⅓ முறை சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் கூடினால் முன்னால் ஊரும், குறைந்தால் பின்னால். ஹாலில் இருக்கும் எல்.இ.டி. விளக்குகளில் ஒன்றுமே தெரியவில்லை, அவை போதிய அளவு மினுக்குவதில்லை. வீட்டில் பழைய சோக் வைத்த டியூப் லைட் மிச்சமிருந்தது சமையலறையில் மட்டும். இரவு பதினொன்றரைக்கு டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு போய் கிரைண்டர் பக்கத்தில் வைத்துச் சுற்றவிட்டேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டாள். பத்து நிமிடத்தில் கோடுகள் நின்றன. உண்மையில் புது பெல்ட்டோடு மோட்டார் ஆரம்பத்தில் இருந்த வேகமே ஏறக்குறைய சரி.

இதற்குள் ஜூன் வந்து மழையும் வந்துவிட்டது. மழை என்றால் பூஞ்சை. பெரியப்பாவின் தட்டுகளில் பாதிக்கு மேல் சாம்பல் புள்ளிகள். பூஞ்சை வினைலை அவ்வளவாகத் தின்பதில்லை. அதன் உணவு உறைக் காகிதம், தூசி, நம் விரல் எண்ணெய். ஆனால் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டால் தாளிக்கும் கடுகு மாதிரி வெடிக்கும். உலர்ந்த பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக்கூடாது. பால்கனியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் முதலில் தள்ளவேண்டும். அப்புறம்தான் கழுவல்.

கழுவும் நீர் இப்படி. தாது நீக்கிய தண்ணீர் ஒரு லிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 150 மில்லி (பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் வாங்கினேன்), வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். சோப்பு கூடினால் அதுவே படிந்து வேறொரு சரசரப்பு. குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ந்தால் உப்பு மிச்சமாகும். லேபிள் நனையாமல் இருக்க, நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகமான இரண்டு டப்பா மூடிகளை எடுத்து, விளிம்பில் பிரஷர் குக்கர் காஸ்கெட் துண்டை ஒட்டி, தட்டின் ஓட்டை வழியாக ஆறு மில்லிமீட்டர் போல்ட் விட்டு, சிறகு நட்டால் இறுக்கினேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பெயின்ட் அடிக்கும் பட்டைத் தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே மூன்று சுற்று, பிறகு வெறும் தாது நீக்கிய தண்ணீரில் அலசல், மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பாத்திரக் கூடையில் நிற்கவைத்தேன். மின்விசிறிக்கு அடியில் காயவைத்தால் கழுவிய புண்ணியம் போய்விடும், தூசியை அதுவே மறுபடி பூசும். படுக்கையறை ஏ.சி.யில் இரவு முழுக்க வைத்தேன். ஒரு நாளைக்கு எட்டுத் தட்டு, ஞாயிற்றுக்கிழமை இருபது.

இடையில் ஒரு பேராசை. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தட்டின் மேல் முழுக்கத் தடவி, காய்ந்ததும் படலமாக உரித்தால் பள்ளத்தின் ஆழத்து அழுக்கும் சேர்ந்து வரும் என்பது தெரிந்த வித்தைதான். வினைலில் அந்தப் பசை பிடிக்காது. ஆனால் இதைச் செய்பவர்கள் உலர்ந்த காற்றில் செய்கிறார்கள். ஜூலையில், செம்பூரில், பசை மூன்று நாளாகியும் பாலாடை மாதிரி வெளுப்பாகவே இருந்தது. பொறுமை போய் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், பாதி கையோடு வந்தது, பாதி பள்ளத்திலேயே தங்கிவிட்டது. மறுபடி பசை தடவி, ஏ.சி.யில் இரண்டு நாள் வைத்து உரித்தபிறகுதான் தட்டு பிழைத்தது. மழைக்காலத்தில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

78 தட்டு ஒன்றை உண்மையாகவே கொன்றேன். பழக்க தோஷத்தில் அதே ஆல்கஹால் நீரைத் தொட்டுத் துடைத்துவிட்டேன். துணி பழுப்பானது, தட்டின் பளபளப்பு போனது. அவை அரக்கில் செய்தவை. நம் சோட்டா நாக்பூர் பக்கத்து மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. தச்சர் ஸ்பிரிட்டில் அரக்கை ஊறவைத்துத்தான் மேசைக்குப் பாலிஷ் போடுகிறார் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான், இருந்தும் கை போய்விட்டது. அரக்குத் தட்டுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் சுருக்காக. எல்.பி. முள்ளால் அவற்றை ஓட்டவும் கூடாது. எல்.பி. முள்ளின் முனை 18 மைக்ரான் அளவு, 78இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். இந்த முள் அங்கே பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையைத்தான் வாசிக்கும். என்னிடம் அந்த முள் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. 30 தட்டுகளும் அங்கிளிடம் போயின. அவரிடம் இரண்டு வகை முள்ளும் இருக்கின்றன, நேரமும் இருக்கிறது.

உறை விஷயம். பெரியப்பா அக்கறையோடு ஒவ்வொரு தட்டையும் தடித்த பி.வி.சி. உறையில் போட்டு வைத்திருந்தார். அந்த அக்கறை பல தட்டுகளில் மூடுபனி மாதிரி ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. பி.வி.சி.யை இளக்குவதற்குச் சேர்த்த எண்ணெய் கசிந்து தட்டைத் தொட்டுவிடும். சில தட்டுகளில் கழுவினால் போனது, சிலவற்றில் நிரந்தரம். உள்ளுறை பாலிஎத்திலீன், வெளியுறை பாலிபுரொப்பிலீன் என்று மாற்றினேன். வெளியுறையின் வாயை மூடவில்லை. மும்பையில் மூடினால் உள்ளே ஈரம் வெந்துகொண்டிருக்கும்.

இப்போதுதான் உண்மையான கழிப்பு. கழுவிக் காய்ந்த தட்டு, நல்ல முள், சரியான வேகம். விதி ஒன்றுதான். ஒரு பக்கம் முழுக்க, போனைத் தொடாமல் கேட்கவேண்டும். முள் நடுவுக்குப் போய் டக் டக் என்று சுற்றும்போது என் கை தட்டைத் திருப்பப் போகிறதா, உறையைத் தேடப் போகிறதா என்று பார்ப்பேன். கை போகும் இடம்தான் தீர்ப்பு. தலைக்கு வேறு அபிப்பிராயங்கள் இருந்தன. அது விலையைச் சொல்லும், பெயரைச் சொல்லும், ‘இது ஒரு மைல்கல்’ என்று சொல்லும்.

அப்படிப் பார்த்தால் ஆச்சரியங்கள். நான் பெருமைக்கு வாங்கிய 180 கிராம் மறுபதிப்புகளில் பாதி போயின. தட்டின் கனத்துக்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை. அச்சுக்கான மூலத் தட்டை, அதாவது மாஸ்டரை, வெட்டியவர் யார் என்பதில்தான் விஷயம். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ‘ஆர்.வி.ஜி.’ என்றோ ‘வான் கெல்டர்’ என்றோ பொறித்திருந்தால் நான் இரண்டு முறை யோசிக்கிறேன். கண் பார்வை பரிசோதகராக (ஆப்டோமெட்ரிஸ்ட்) வேலை பார்த்துக்கொண்டே பெற்றோர் வீட்டு முன்னறையில் பதிவு செய்யத் தொடங்கிய ரூடி வான் கெல்டர் அவர். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டினார், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பரில் அங்கேதான் பதிவானது. என்னிடம் இருப்பது அவர் வெட்டியதல்ல, பின்னாளைய சாதாரண அச்சு. ஆனாலும் கை திருப்பத்தான் போனது.

கொல்கத்தா டம் டம்மில் அச்சான இந்தியப் பதிப்புகளை மட்டமாகப் பேசுவது எங்கள் வட்டாரத்தில் ஒரு நாகரிகம். நானும் பேசியிருக்கிறேன். கழுவியபிறகு கேட்டால் அவற்றில் பல அமைதியாக ஓடின, இத்தனை வருடம் அவை சுமந்தது எங்கள் வீட்டுத் தூசியை. ‘வினைலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது’ என்று சொல்பவர்களிடமும் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. செம்பூரில் எல்லாவற்றிலும் வெதுவெதுப்பு இருக்கிறது.

‘சிறந்தவை’ தொகுப்புகள் எல்லாம் போயின. எழுபதுகளின் இறுதியில் வந்த சின்தசைசர் குவியல் போனது. ஸ்விங் யுகத்துப் பெரிய குழுக்களில் டியூக் எலிங்டன் மட்டும் தங்கினார். புரூபெக்கின் தட்டுகள் ஒன்பது இருந்தன, மூன்று தங்கின. 1958 பயணத்துக்குப் பிறகு அவர் போட்ட யூரேசியத் தட்டு அதில் ஒன்று. அந்தப் பயணத்தில்தான் மும்பையில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு உட்கார்ந்து வாசித்தார். இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவின் மூன்றும் விவாதமே இல்லாமல் தங்கின. விக்கு விநாயக்ராம் கடத்தைத் தட்ட, எல். சங்கர் வயலினில் பறக்க, மக்லாக்லின் கிடாரோடு பின்னால் ஓடும் அந்த 1975 நேரலைப் பதிவை என் பக்கத்து வீட்டு மாமிகூட ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு “யாரு தனி ஆவர்த்தனம்?” என்றார்.

எதிர்பாராமல் தங்கியது சார்லி மரியானோ. பாஸ்டன் சாக்ஸஃபோன்காரர், நாகஸ்வரம் கற்றுக்கொண்டவர். பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு 1983இல் போட்ட தட்டு, ராமமணியின் குரல். வாங்கி இருபது வருடம், இரண்டு முறை கேட்டிருந்தால் அதிகம். கழிப்பு வரிசையில் முதலில் நின்றது. மழை பெய்த ஒரு புதன்கிழமை இரவு இரண்டு பக்கமும் கேட்டு, மறுபடி முதல் பக்கம் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் மட்டன் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். இந்த முறை கழித்த 350க்கு மேல் இரண்டு டெம்போ நடையாக. அதற்கு முன் மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள், விலை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன், “பாய், ஏப்ரலில் கொடுத்ததில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?” அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. இருபது சொச்சம் இருந்தன. உறைக்குள் என் பென்சில் ‘ச’. ஒன்பதைத் திரும்ப வாங்கினேன், ஒவ்வொன்றும் நானூறு ரூபாய். நான் விற்றது நூற்றைம்பதுக்கும் கீழே. வீட்டில் கழுவிப் போட்டபோது ஏழு தட்டுகளில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டில் இருந்தது. அது அனேகமாக என் உளி போட்ட சத்தம்.

பில் எவான்ஸ் போய்விட்டது. ஒரு கல்லூரிப் பெண் வாங்கினாளாம், மே மாதமே. உள்ளுறையில் ஏதோ எழுதியிருக்கிறதே, முன்னாள் சொந்தக்காரர் பெயரா என்று கேட்டாளாம். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

கடைசிக் கணக்கு 214. பதினாலு கூடுதல், மனைவி எண்ணவில்லை அல்லது எண்ணியும் சொல்லவில்லை. சின்னச் சின்னப் பெட்டிகளில் நிற்கவைத்தே கட்டினேன். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளைந்துவிடும். பேக்கர்களிடம் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன், டெம்போவின் முன்சீட்டில் ஒன்றை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சயான் வீட்டின் தரை மேற்குப் பக்கம் லேசாகச் சாய்கிறது. டர்ன்டேபிளை வைத்து ரசமட்டம் பார்த்தால் குமிழ் ஓரத்துக்கு ஓடுகிறது. ஒரு காலுக்கடியில் விசிட்டிங் கார்டு இரண்டை மடித்துச் செருகினேன், குமிழ் நடுவில் நின்றது. ஒன்று பேக்கர்களுடையது, இன்னொன்று மட்டன் ஸ்ட்ரீட் கடைக்காரருடையது.